சுமை அறிந்த வேட்டைக்காரர்

ஓசூர் என்றால் இன்று நம் நினைவுக்கு வருவன சிப்காட் தொழிற்பேட்டையும், ஷிப்டு முடிந்து வரிசையாகத் திரும்பும் கம்பெனி பஸ்களும், அத்திப்பள்ளி எல்லையில் நெருக்கியடித்து நிற்கும் லாரிகளும்தாம். ஆனால் ஓசூரை விட்டுத் தெற்கே சென்றால் தேன்கனிக்கோட்டை வருகிறது. அதைத் தாண்டினால் ஜவளகிரி, அஞ்செட்டி என்று காடு விரிந்து, காவிரிக் கரை வரையில் மலையும் பள்ளமுமாக நீள்கிறது. இந்தக் காட்டை உலகெங்கும் உள்ள வாசகர்கள் அறியும்படி செய்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் கென்னத் ஆண்டர்சன். நம் வட்டாரத்து ஊர்ப் பெயர்கள் லண்டனில் அச்சான புத்தகங்களில் இடம் பெற்றதற்கு அவரே காரணம். ஆயினும் நம் கல்லூரியில் அவரை அறிந்த மாணவர்கள் மிகச் சிலரே. ஆகவேதான் அவர் வாழ்க்கையை இந்த மலரில் எழுத முற்பட்டேன்.

ஆட்கொல்லிகளை வீழ்த்திய வீரர் என்று அவரைப் புகழ்ந்து எழுதியவர்கள் பலர். நான் எழுத விரும்புவது அவருடைய வீரத்தைப் பற்றியன்று. அவர் சுமந்து சென்ற சுமையைப் பற்றி. மாலையில் மரத்தின்மேல் ஏறி, விடியும் வரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு மனிதர் எதை எடுத்துச் செல்ல வேண்டும், எதை விட்டுச் செல்ல வேண்டும், தண்ணீரை எப்படிக் கொண்டு போக வேண்டும்? கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியில்தான் அவர் உயிர் இருந்தது.

பிறப்பும் வளர்ப்பும்

ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8-ஆம் நாள், செகந்தராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்துவிட்ட ஸ்காட்லாந்துக் குடும்பம் அவருடையது. தந்தை இராணுவக் கணக்குத் துறையில் அதிகாரியாக இருந்தவர். மகனுக்குக் காட்டையும் துப்பாக்கியையும் முதலில் அறிமுகப்படுத்தியவர் அவரே. ஆண்டர்சன் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித சூசையப்பர் கல்லூரியிலும் படித்தார். தபால் தந்தித் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டுப் பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்து பொறுப்பான பதவி வகித்தார். கன்னடம் நன்றாகப் பேசுவார், தமிழும் தெரியும்.

அவர் ஜமீன்தாரும் அல்லர், சிற்றரசரும் அல்லர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். யானைகளையும் நூற்றுக்கணக்கான ஆட்களையும் கூட்டிக்கொண்டு காட்டையே கலைத்து வேட்டையாடும் வசதி அவருக்கு இல்லை. மாதச் சம்பளம் வாங்கியவர். லீவு கிடைத்தபோது, பழைய ஸ்டூடிபேக்கர் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டி நம் பக்கம் வருவார். ஆகவே அவருடைய வேட்டை பெரும்பாலும் ஒற்றை மனிதரின் வேட்டையாகவே இருந்தது. கார் நிற்கும் இடம் வரையில் சுமை ஒரு பொருட்டன்று. அதற்குமேல் தலையிலும் தோளிலும்தான் எல்லாம் போக வேண்டும். அங்கேதான் கணக்கு தொடங்குகிறது.

பரணும் பளுவும்

ஆங்கிலப் புத்தகங்களில் மரத்துப் பரணுக்கு வழங்கும் பெயர் மச்சான் என்பது. அது வடநாட்டுச் சொல். அக்காளைக் கட்டிய நம் மச்சானுக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை! புலி அடித்துப் போட்ட மாட்டின் அருகிலோ, கட்டிவைத்த எருமைக் கன்றின் அருகிலோ ஒரு மரத்தைத் தேர்ந்து, பதினைந்து இருபது அடி உயரத்தில் பரண் அமைத்து, இலைதழைகளால் மறைத்து, பொழுது சாயுமுன் ஏறி அமர்ந்துவிட வேண்டும். ஆண்டர்சன் கைக்கொண்ட பரண், கால் இல்லாத சிறு கயிற்றுக் கட்டில் போன்றது. நான்கு மூலையிலும் கயிறு கட்டிக் கிளைகளில் பிணைத்துவிடலாம். புதிதாக மரம் வெட்டிப் பரண் கட்டினால் கோடரிச் சத்தம் காடு முழுவதும் கேட்கும். புலி எச்சரிக்கை அடைந்துவிடும். கையோடு கொண்டுபோகும் கட்டில் அந்தத் தொல்லையைத் தவிர்த்தது.

அவருடைய நூல்களைப் படிப்பவர்க்குச் சில பொருள்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். .405 வின்செஸ்டர் துப்பாக்கி, அதன் குழலோடு பொருத்திய டார்ச் விளக்கு, பிளாஸ்கில் தேநீர், தண்ணீர்ப் புட்டி, கொஞ்சம் தின்பண்டம், குளிருக்குப் போர்வை. அவ்வளவுதான். பைப் புகைப்பதில் அவருக்குப் பெரும் பிரியம். ஆனால் ஆட்கொல்லிக்காகக் காத்திருக்கும் பரணில் நெருப்புக்கு இடமில்லை. புலிக்கு மோப்ப சக்தி அற்பமென்றும், கண்ணும் காதும்தான் கூர்மை என்றும் அவர் கருதினார். ஆகவே அவர் அஞ்சியது வாசனைக்கு அன்று, ஓசைக்கும் அசைவுக்கும்.

நான் இயற்பியல் மாணவன். எனவே அவர் சுமையை எடைபோட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. துப்பாக்கி ஏறத்தாழ 4 கிலோ. தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. புட்டியின் எடை வேறு. நிரம்பிய பிளாஸ்கு, போர்வை, விளக்கு, தோட்டா, உணவு எல்லாம் சேர்ந்து 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பத்துக் கிலோவை 5 மீட்டர் உயரத்துக்கு ஏற்றச் செய்ய வேண்டிய வேலை 490 ஜூல். இது பெரிய ஆற்றலா? ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரியில் எட்டில் ஒரு பங்கு உயர்த்தத்தான் அது போதும்! அப்படியானால் மரத்தின்மேல் சுமையை ஏற்றுவதில் கஷ்டம் எங்கே இருக்கிறது?

கஷ்டம் எடையில் இல்லை, கைகளில் இருக்கிறது. மரம் ஏறுபவனுக்கு இரண்டு கைகளும் மரத்துக்கே வேண்டும். ஆகவே சாமான்களை அடிமரத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறி, பின்னர் கயிறு விட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொள்வதே அறிவுடைமை. துப்பாக்கியைத் தோட்டா நீக்கித்தான் தூக்க வேண்டும் என்பது வேட்டைக்காரர் யாவரும் வற்புறுத்தும் விதி. மேலே வந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வேண்டும். இருட்டில் தடவினால் கைக்கு அகப்படும் இடமாக அது இருக்க வேண்டும். தேடினால் சத்தம், தவறி விழுந்தால் அன்றைய இரவே வீண்.

இதில் நம் பனையேறும் தொழிலாளர்களுக்கு ஈடு யாரும் இல்லை எனலாம். பாளை சீவும் அரிவாளும் சுண்ணாம்பும் இடுப்பில் தொங்கும் பெட்டிக்குள் இருக்கும். கலயம் அதனதன் இடத்தில் தொங்கும். கண்ணால் பாராமலே கை அரிவாளைத் தொடும். இக்காலத்தில் அமெரிக்காவில் வில்வேட்டை ஆடுவோர் பரணே இல்லாமல் மரத்தில் தங்கும் முறை ஒன்று பரவியுள்ளது. இடுப்பையும் தொடையையும் தாங்கும் அகலமான பட்டையை அணிந்து, அதை மரத்தோடு கயிற்றால் பிணைத்துக்கொண்டு, கால் வைக்கச் சிறு படி ஒன்றை மரத்தில் இறுக்கி, சாய்ந்தபடியே காத்திருக்கிறார்கள். உட்கார இடமில்லாததால் பொருள் வைக்கவும் இடமில்லை. எல்லாவற்றையும் உடம்பில் அல்லது மரத்தைச் சுற்றிய பட்டையில் மாட்டவேண்டும். ஆகவே அவர்களும் பொருளைக் குறைப்பது, கயிற்றில் தூக்குவது, நிலையான இடத்தில் மாட்டுவது என்னும் இதே மூன்று பாடங்களைத்தான் படிக்கிறார்கள். நம் பனையேறிகள் பரம்பரையாகவே இவற்றை அறிந்தவர்கள்.

தண்ணீர்

மற்றப் பொருள்களைக் குறைக்கலாம். தண்ணீரைக் குறைக்க முடியாது. ஏன்? மாலை ஐந்து மணிக்கு ஏறியவர் காலை ஆறு மணிக்கு இறங்குகிறார் என்றால் பதின்மூன்று மணி நேரம். இடையில் இறங்கக் கூடாது. தாகம் என்று இறங்குபவனுக்கு இருட்டில் காத்திருப்பது ஓடைத் தண்ணீர் மட்டும் அன்று. ஆட்கொல்லி உலவும் காட்டில், அதிலும் அது அடிபட்டிருந்தால், தரையில் வைக்கும் முதல் அடியே கடைசி அடியாகிவிடலாம். ஆகவே ஒரு லிட்டர் தண்ணீர் என்பது தாகத்துக்கு மருந்து மாத்திரம் அன்று. மனிதனை மரத்திலேயே கட்டிவைக்கும் கயிறும் அதுவே.

தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு. அது பேசும். பாதி நிரம்பிய புட்டி அசைந்தால் தளும்பும். முழுவதும் நிரம்பிய புட்டியில் நீர் தளும்ப இடமில்லை. ஆகவே வாய் வரை நிரப்பிக் கொண்டுபோவதும், மேலே போனபின் புட்டியை ஆட்டாமல் நிலையாகத் தொங்கவிட்டு அளவாகக் குடிப்பதும் நலம். அக்காலத்துப் பட்டாளத் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் கம்பளி உறை இருந்தது. கிளையில் இடித்தால் அந்த உறை ஓசையை அடக்கும். உறையை நனைத்துவிட்டால் உள்ளிருக்கும் நீர் குளிரும். ஒரு கிராம் நீர் சாதாரண வெப்பநிலையில் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அதன் பெரும் பகுதியை அது புட்டியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நம் வீட்டு மண்பானை செய்யும் வேலையும் இதுவே. தேநீரைச் சூடாக வைக்கும் பிளாஸ்கு இதற்கு நேர் எதிரானது. 1892-இல் ஜேம்ஸ் திவார் என்னும் விஞ்ஞானி கண்ட வெற்றிடக் குடுவை அது. வெப்பம் உள்ளும் வராது, வெளியும் போகாது. நம் பாடப் புத்தகத்தின் இரண்டு அத்தியாயங்கள் ஒரே பரணில் தொங்கியிருக்கின்றன!

மரம் உதவாத இடமும் உண்டு. தளியை அடுத்த கும்மளாபுரம் பக்கத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட மனிதரைக் கொன்றதாக அவர் எழுதும் சிறுத்தை, ஊருக்குள்ளேயே வந்து வீடுகளில் நுழைந்து ஆட்களைத் தூக்கியது. சிறுத்தை மரமும் ஏறும். ஆகவே அங்கே முதலில் பரணை விட்டுவிட்டு, வீட்டுச் சுவரை முதுகுக்கு அரணாக வைத்து, கூரையின்மேல் முள்ளைப் பரப்பித் தெருவைப் பார்த்து அமர்ந்தார். இடம் மாறினால் ஏற்பாடும் மாறும். பழகிய முறை என்பதற்காக ஒன்றை அவர் எல்லா இடத்துக்கும் சுமந்து செல்லவில்லை.

சுமந்தவர்கள் யார்?

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முந்திய தலைமுறைகள் தலைச்சுமையிலேயே வாழ்ந்தவை. விறகும் மூங்கிலும் புளியும் சுமந்து சந்தைக்குப் போனவர்கள் அவர்கள். ஆகவே எந்த வேட்டைக் கதையைப் படித்தாலும் என் மனம் கேட்கும் முதல் கேள்வி, துரை துப்பாக்கியோடு நடந்தார், சரி, கட்டிலைச் சுமந்தது யார் என்பதுதான். மரத்தில் கட்டிலைக் கட்டியது யார்? இலைதழை மறைப்புப் போட்டது யார்? சூரியன் சாய்ந்தபின், துரையை மரத்தில் விட்டுவிட்டு, ஆட்கொல்லி திரியும் வழியே ஊருக்குத் திரும்பி நடந்தவர்கள் யார்?

பெரும்பாலான வேட்டை நூல்களில் இவர்கள் பெயரில்லாத கூலிகள். ஆண்டர்சன் இதில் சற்று வேறுபட்டவர் என்பதே என் மனத்தை அவர்பால் ஈர்த்தது. சின்னாற்றுக் கரையில் வாழ்ந்த பூசாரி இனத்துப் பைரா என்பவரைத் தம் குருவாகவே அவர் எழுதியிருக்கிறார். 1954-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் ஓர் அத்தியாயமே பைராவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பென்னாகரத்து ரங்கா என்பவரும் பல கதைகளில் வருகிறார். தடம் பார்ப்பது, பறவைக் குரல் கேட்டு விலங்கின் வரவை அறிவது, எந்த மரத்தில் எந்தத் திசை பார்த்து அமர்வது ஆகிய அறிவில் பெரும் பகுதி இவர்களைப் போன்றவர்களிடமிருந்து வந்தது. பைராவுக்கு எழுதத் தெரியாது, ஆண்டர்சனுக்குத் தெரிந்தது. அதனால் புகழ் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தது. சுமை பலர் தோளில் இருந்தது. ஆளும் இனத்தில் பிறந்த ஒருவருக்கு அந்தக் காலத்தில் கிடைத்த வசதி அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்றும் பரண்

பரண் பழங்கதையாகிவிட்டது என்று பட்டணத்து நண்பர்கள் எண்ணக்கூடும். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துக் கிராமங்களில் ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் வந்து பாருங்கள். வயலோரத்து மரங்களில் பரண் கட்டி, யானைக் காவல் இருக்கும் உழவர்களைக் காணலாம். என் தந்தையும் அவர்களுள் ஒருவர். கார்த்திகை, மார்கழிப் பனியில் இரவெல்லாம் மரத்தில் இருப்பார். செமஸ்டர் விடுமுறையில் களியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கயிற்றில் கட்டிவிடுவது என் வேலை.

ஆண்டர்சனின் சுமையையும் என் தந்தையின் சுமையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டிலும் டார்ச் உண்டு, போர்வை உண்டு, தண்ணீர் உண்டு. ஆனால் அவர் மௌனத்தைச் சுமந்து சென்றார். என் தந்தை ஓசையைச் சுமந்து செல்கிறார். தகர டின்னும் அதைத் தட்ட ஒரு கோலும் அவருடைய ஆயுதம். அவர் விலங்கு வரக் காத்திருந்தார். இவர் விலங்கு வராமல் இருக்கக் காத்திருக்கிறார். செய்யும் வேலைதான் சுமையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஒன்றில் மட்டும் இருவருக்கும் வேறுபாடு இல்லை. அது தண்ணீர். எங்கள் பக்கத்தில் இரவுக் காவலில் யானையிடம் அடிபட்டவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர் ஏன் இறங்கினார் என்றுதான் பெரியவர்கள் முதலில் கேட்பார்கள். ஆகவே ஐந்து லிட்டர் கேனை நான் எப்போதும் முழுவதும் நிரப்பியே கொண்டு செல்கிறேன். பீடிக்கும் தீப்பெட்டிக்கும் பேட்டரிக்கும்கூட இறங்க வேண்டாதபடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஒரே கிளையில் மாட்டிவிடுகிறேன். ஒரு படி ராகியின் விலை எவ்வளவு, ஓர் உயிரின் விலை எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போர்க்கு, இந்தச் சிறிய ஏற்பாடு சிறியதாகத் தோன்றாது.

துப்பாக்கியை இறக்கி வைத்தவர்

1939 முதல் 1966 வரையில் எட்டு ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் ஏழு ஆட்கொல்லிப் புலிகளையும் ஆண்டர்சன் வீழ்த்தியதாகக் கூறுவர். ஆனால் அந்த விலங்குகளை அவர் பேயாகச் சித்திரிக்கவில்லை. ஜவளகிரிப் பெண்புலியின் கதை அவருடைய முதல் நூலின் முதல் கதை. துணையை இழந்து, பின் வேறொரு வேட்டைக்காரரின் குண்டால் காயமுற்று, அதன் பின்னரே அது மனிதரைத் தின்னத் தலைப்பட்டது என்று அவர் காட்டுகிறார். மனிதன் செய்த பிழைக்கு மனிதன் கொடுத்த விலை அது. வயது ஏற ஏற, காடு சுருங்குவதையும் விலங்குகள் குறைவதையும் அவர் வருத்தத்தோடு எழுதினார். துப்பாக்கியைவிட காமிராவையே விரும்பத் தொடங்கினார்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974 ஆகஸ்டு 30-ஆம் நாள், புற்றுநோயால் அவர் பெங்களூரில் காலமானார். அப்போது வயது 64. அவருடைய இன்னொரு நூல் 1976-இல், அவர் மறைவுக்குப்பின் வெளிவந்தது. அவர் நடந்த காடுகளின் பெரும் பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அவர் காலத்தில் சேலம் மாவட்டமாக இருந்த நம் பகுதி 1965-இல் தருமபுரி மாவட்டத்தில் சேர்ந்து, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. பெயர்கள் மாறின, எல்லைகள் மாறின. யானைகள் மட்டும் எந்த மாவட்டம் என்று கேட்காமல் பழைய வழியிலேயே வருகின்றன.

அன்பு நண்பர்களே, ஆண்டர்சனின் துப்பாக்கி நமக்கு வேண்டாம். சட்டமும் அதை அனுமதிக்காது, காலமும் அதைக் கடந்துவிட்டது. ஆனால் மரம் ஏறுமுன் அவர் போட்ட கணக்கு நமக்கு வேண்டும். இரவில் இறங்க வேண்டிய தேவை வராதபடி மாலையிலேயே சிந்திப்பது. இரண்டு கைகளும் ஓய்வாக இருக்கும்படி சுமையைக் கட்டுவது. சுமந்து வந்தவனின் பெயரை மறவாமல் எழுதி வைப்பது. முதல் இரண்டும் உயிரைக் காக்கும். மூன்றாவது மானத்தைக் காக்கும். நம் ஊர்களில் இன்று இரவும் சில பரண்களில் ஆள் இருக்கும். படிக்கும் நம் தலைமுறை அவர்களுக்கு நல்ல விளக்கையும் நல்ல வேலியையும் கண்டுபிடித்துத் தரட்டும். அதுவரையில், அவர்கள் கேனில் தண்ணீர் நிறைந்திருக்கட்டும்.